நையாண்டியும் இளக்காரமும்

ஆவணி 12, திங்கள்
காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. ஆபீஸில் ஓணப் பேச்சு மட்டும். அத்தப்பூக் கோலத்துக்குப் பூ வாங்கும் வேலை வழக்கம்போல் என் தலையில், சாலைச் சந்தைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேனே. அப்புறம் நாடகம். தமிழ் வாடையில் மலையாளம் பேசிச் சிரிக்க வைக்கும் பாண்டிக்காரி வேஷமும் வருஷா வருஷம் எனக்குத்தான். தமிழ் பேசினால் இங்கே எல்லாரும் பாண்டி.

பக்கத்து சீட் ஷீபா: "சேச்சிக்கு மேக்கப் வேண்டல்லோ." சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். இந்தத் தடவை முடியாது என்றேன். அலுத்துவிட்டது.

"இது ஆக்ஷேபஹாஸ்யமல்லே சேச்சி. தமிழ்ல எந்தா பேரு?"

நையாண்டி என்றேன்.

செவ்வாய்
து. பருப்பு. கரண்ட் பில். கமலிக்குத் தலைமுடி ரப்பர்.
பஸ்ஸில் அதே யோசனை. நையாண்டி என்றால் பெரிய மனுஷனைச் சீண்டுவது. திருப்பிப் பேச முடியாதவளைச் செய்தால் அதற்குப் பெயர் இளக்காரம். ஆபீஸில் ஷீபாவிடம் சோதித்தேன். மேனேஜர் சார் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு பேனா தேடுவதை நடிக்கட்டுமா என்றேன்.

ஷீபா முகம் மாறிவிட்டது. "அது வேண்டா சேச்சி. சாரினு இஷ்டப்படில்லா."

சாருக்கு வலிக்குமாம். எனக்கு வலிக்காது போல.

வியாழன்
தலைவலி. ஷீபா கமலிக்கு போன் போட்டிருக்கிறாள். என் மகள் என்னிடம் கேட்காமலே வேஷத்துக்குச் சம்மதித்துவிட்டாள். கண்ணாடி முன் ஒத்திகை. நின்று கேட்டேன். அது அவள் அப்பாவின் மலையாளம். ஆரியசாலை மிளகாய்க் கடையில் இவர் பேசுகிற அதே இழுப்பு.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "புள்ள நல்லா பேசுதே, யாரு மாதிரிட்டீ?"

"சும்மாப்பா."

அடுப்படியில் கையைப் பிடித்து, வேண்டாம்ட்டி என்றேன். "எல்லாரும் சிரிப்பாங்கம்மா. அத்ரேயுள்ளு." அவ்வளவுதானாம்.

கோபம்தான். அதைவிட பயம், இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று.

வெள்ளி
வெயில். பூ நன்றாக அமைந்தது. இவர் கடையை அடைத்துவிட்டு, இஸ்திரிச் சட்டையில் ஆபீஸுக்கு வந்து நின்றார். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கமலி பேசப் பேச ஒரே சிரிப்பு. இவரும் கைதட்டிச் சிரித்தார்.

முடிந்ததும், மகள் நடிப்பு எப்படி என்று சார் இவரிடம் மைக்கை நீட்டினார். "எங்ஙனெயுண்டு மோளுடெ அபிநயம்?"

"நம்மட மோளல்லே சார், வளரே நல்லா செய்திட்டு இருக்கு..."

ஹாலே மறுபடி சிரித்தது. நாடகத்தின் மிச்சம் என்று நினைத்துவிட்டார்கள். இவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மைக்கைத் திருப்பித் தரவில்லை. அதே மலையாளத்தில், சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தார். மேடையில் கமலி வேஷத்துக்கு இட்ட நெற்றிக் குங்குமத்தைப் புறங்கையால் அழித்துக்கொண்டிருந்தாள்.