புரோட்டாவுக்குப் பயந்து போட்ட மாலை

சிம்மக்கல்,
மார்கழி மாதம்

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு,

இங்கு நான் சுகம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி விட்டதா?

சர்க்கரை கூடியிருக்கிறது, புரோட்டாவைத் தொடாதே என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். என் அறைக்குக் கீழேயே புரோட்டாக்கடை. பொழுது சாய்ந்தால் கொத்துகிற சத்தமும் சால்னா வாசமும் மாடியேறி வந்து என்னைக் கையோடு இழுத்துப் போகின்றன. சாமி குத்தத்துக்குப் பயந்தாவது வாய் அடங்கட்டும் என்று பழனிக்கு மாலை போட்டேன்.

புரோட்டா நின்றது. ஆனால் மாலையைப் பார்த்ததும் தெருவே எனக்கு ஊட்டிவிடக் கிளம்பிவிட்டது. காலையில் பஜனை மடத்துச் சர்க்கரைப் பொங்கல், மதியம் முதலாளி வீட்டுப் பாயசம். சாயங்காலம், "சாமி வேணாம்னு சொல்லக்கூடாது சாமி" என்று வீட்டில் கிண்டிய கேசரியோடு வருகிறவர் யார் தெரியுமா? அதே புரோட்டாக்கடை வெள்ளைத்துரை அண்ணன்தான்!

நேற்று டாக்டர், "என்னய்யா, இம்புட்டு ஏறிக் கிடக்கு? இதுக்குப் புரோட்டாவே தேவலையேய்யா!" என்று கத்தினார். மாலையை நடுவில் கழற்றவும் முடியாது.

நீ பயப்படாதே. பழனிக்கு நடந்தால் எல்லாம் இறங்கிவிடும். தவசி மச்சான் வரும்போது கேப்பை மாவு கொடுத்துவிடு. மில் மாவு வேண்டாம், உன் கையால் சலித்ததாக இருக்கட்டும்.

பூசம் முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். களி கிண்டி வைத்து, எதிரே உட்கார்ந்து என்னை அதட்டு. சாமிக்குப் பயந்து புரோட்டாதான் நின்றது. உனக்குப் பயந்தால்தான் வாய் நிற்கும்.

படியில் வெள்ளைத்துரை அண்ணன் குரல். கையில் தூக்குவாளி. நிறுத்துகிறேன்.

பெருமாயன்