ஒன்பதாம் எண் சட்டைக்கு மேல் ஒரு பட்டுச்சேலை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் கல்யாணத்தன்று பேசவில்லை. காமாலையில் நீ போய்ச் சேர்ந்த அன்றும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் உன் படத்தைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் நினைவாகக் கால்பந்துப் போட்டி என்று சுவரொட்டி பார்த்துத்தான் போனேன். மேடையில் ஆளுயரப் படம், மாலை, ஊதுபத்தி. அரக்குப் பட்டுச்சேலையும் கழுத்தில் அட்டிகையுமாக யாரோ ஒருத்தி. உன்னிடம் அட்டிகை இருந்ததே இல்லை. கிட்டே போனேன். முகம் மட்டும் உன்னுடையது. வெயிலுக்குச் சுருக்கிய கண், வீங்கிய கீழுதடு. அது கல்கத்தாவில் இறுதி ஆட்டம் முடிந்ததும் எடுத்த குழுப் படம். எதிரணிக்காரியின் முழங்கை உதட்டில் பட்ட பிறகுதான் நீ இரண்டாவது கோலைப் போட்டாய். ஸ்டுடியோக்காரர் அதிலிருந்து உன் தலையை மட்டும் வெட்டி, தன்னிடம் இருந்த ஏதோ ஒரு சேலை உடம்பில் ஒட்டி வண்ணம் பூசிவிட்டார். செத்தவர்களுக்கு நம் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள். வாழ்நாள் முழுக்க மூளிக் காதோடு இருந்தவளுக்கும் கம்மல் வரைந்துவிடுவார்கள். வீங்கிய உதட்டுக்கும் சிவப்பு தீட்டியிருந்தது.

உன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். கரிமூட்டம் போட்டு லாரி வாங்கியவர். இப்போது பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிறார். "என் தங்கச்சியக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போயி பந்து பழக்குனதே நாந்தான்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவர் கண்மாய்க்கு வந்தது உண்மை. கையில் குச்சியோடு, உன்னை வீட்டுக்கு விரட்டுவதற்காக வந்தார்.

திருச்சுழி போகும் சாலைக்குக் கீழே, வருஷத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும் அந்தக் கண்மாய்தான் நமக்கு மைதானம். இரண்டு செங்கல்தான் கோல் கம்பம். நான் கோலி, கோல் காப்பவன். எனக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு. பந்து அதற்குள் போனால் முள் குத்தி அன்றைய ஆட்டம் முடிந்தது. அடித்தவரே உள்ளே போய் எடுத்து, சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு வர வேண்டும் என்பது நம் சட்டம். அதனால் பையன்கள் யாரும் ஓங்கி அடிக்க மாட்டோம், கோலும் விழாது. நீ ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாய். என் காலுக்கும் செங்கலுக்கும் நடுவில் உள்ளங்காலால் தள்ளிவிடுவாய். பந்து உருண்டு முள்ளுக்கு முன்னால் நின்றுவிடும்.

"எடுத்துப் போடுங்கண்ணே, முள்ளு குத்தல," என்பாய்.

மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது தேர்வாளர் ஒருவர், "இந்தப் பொண்ணு கால்ல பலமே இல்லையே," என்று உன்னை ஓரத்தில் உட்காரவைத்தார். அந்த ஆளின் பெயர் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடைசியில் இறக்கிவிட்டார்கள். எதிரணிக் கோலி அசைவதற்குள் பந்து உள்ளே போயிருந்தது. முள்ளுக்குப் பயந்து பழகிய கால் அது என்று அவருக்கு யார் சொல்வது?

பிறகு மாதச் சம்பளம் தருவதாகக் கல்கத்தாவில் ஒரு கிளப் உன்னைக் கூப்பிட்டது. எண்பதுகளில், நம் வட்டாரத்தில், பந்து உதைக்க ஒரு பெண்ணுக்குச் சம்பளம் என்றால் பஸ்ஸில் சிரித்தார்கள். நீ போனாய். அந்தக் குழுப் படத்தில் வீட்டுக்கு ஒரு பிரதியும், சைக்கிள் கடை விலாசத்துக்கு எங்கள் எல்லோருக்குமாக ஒரு பிரதியும் அனுப்பிவைத்தாய். எங்களுடையதை நான்தான் பத்திரப்படுத்தினேன்.

இரண்டாவது வருஷம், ஆட்டங்கள் பாதியில் இருக்கும்போது உனக்குத் தந்தி வந்தது. 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' ரயிலில் உட்கார இடமில்லாமல், வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து சேர்ந்தாய். உன் அம்மா வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே காரியாபட்டி மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தந்தி கொடுத்தவர் உன் அண்ணன்.

அன்று சாயங்காலம் நிச்சயச் சேலையோடு கண்மாய்க்கு வந்தாய்.

"அண்ணே, பந்து இருக்கா?"

"சேலையக் கிழிச்சுக்கிராத தாயி, மாப்பிள்ளை வீட்டுல கேப்பாக," என்றான் ஒருவன்.

"நீ பந்தப் போடுலே," என்றாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாய். "இன்னைக்கு ஒரு தடவையாச்சும் ஓங்கி அடிச்சுக்கிறேண்ணே."

அப்படி ஓர் அடியை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. என் தலைக்கு மேலே போய்க் காட்டுக்குள் விழுந்து, பந்து சீறி அடங்கியது கேட்டது. சட்டப்படி நீதான் போயிருக்க வேண்டும். சேலை கட்டியிருந்தாய் என்று நான் போனேன். செருப்பைத் துளைத்துக் குதிகாலில் முள் ஏறி ஒடிந்தது.

நொண்டிக்கொண்டு திரும்பியபோது கரையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "வாசல்ல அம்மாவ உசுரோட பாத்தேன்லண்ணே, ஒரு நிமிசம் ஆத்திரமா வந்துச்சு. ஏன் சாகலைன்னு."

பெற்ற தாய் சாகவில்லையே என்று ஒரு பிள்ளையை நினைக்கவைத்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தார்.

நானும் பள்ளிக்கூட வாத்தியார்தானே, மேடைக்குப் பின்னால் போய் அவரிடம் கேட்டேன்: "பொம்பளப் பிள்ளைக டீம் ஒண்ணுகூட இல்லையே?"

"யாரு அனுப்புவா வாத்தியாரே? குத்தம் கண்டுபிடிக்கவே பொறந்தவுக நீங்க."

அப்போது உன் மகள் வந்தாள். உன் கண். படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, எங்கம்மா சேலை கட்டிக்கிட்டா பந்து விளையாண்டுச்சு?"

"ஆமாத்தா. நம்ம வீட்டுப் பொம்பளைக வேற எப்பிடி விளையாடும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டது. நம்பிவிட்டது.

உன் அண்ணன் உன் தலையில் மண்ணைப் போட்டதைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அடுத்த ரயிலில் நீ திரும்பிப் போயிருக்கலாம். அதை உன்னோடு வைத்துக்கொள்கிறேன். பிள்ளை என்ன செய்தாள்?

குழுப் படத்தை இந்த மடலோடு வைக்கிறேன். ஒன்பதாம் எண் சட்டை, சேறு அப்பிய முழங்கால், உன் தோளில் கை போட்டுச் சிரிக்கும் இன்னொருத்தி, எல்லாம் அதில் இருக்கிறது. கரையில் நீ சொன்னதையும் கோடு போட்டு அடிக்காமல் விட்டிருக்கிறேன். உன் கணவர் முதலில் படிப்பார், படிக்கட்டும். ஒரு பொய்த் தந்தி என்ன செய்யும் என்று மகளும் ஒருநாள் தெரிந்துகொள்ளட்டும். எனக்குக் குதிகாலில் அந்த முள் இருக்கிறது. காலாணியாகிவிட்டது, மழைக்கு முன்னால் குத்தும். அது போதும்.

உறையின் மேல் காரியாபட்டி விலாசமும் உன் மகளின் பெயரும் எழுதியாகிவிட்டது. கடைசியில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன். நம் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி ஓர் ஆண் இவ்வளவு எழுதினால், 'இவன் அவளுக்கு யாரு' என்றுதான் முதலில் கேட்பார்கள். உன் மகள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். 'எங்கம்மா எப்பிடி அடிக்கும்' என்று கேட்கட்டும். ஆள் யாரென்று தெரிந்தும் மொட்டைக் கடிதம் என்று உன் அண்ணன் காறித் துப்பினாலும் சரி, பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.