பெரட்டில் சொன்ன பூப்பெயர்கள்

4.3.85 திங்கள்

மழை இல்லை. காற்றும் இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். இன்று என் வீட்டுக்காரருடைய கைநீளச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். தையல் எல்லாம் வெளியே. கழுத்துக்குப் பின்னால் கம்பெனிப் பெயர்த் துண்டு நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டு. வீட்டில் பார்த்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கிற நேரம். எல்லாரும் தகரக் கொட்டகைக்குள், வேலை வாங்குகிற மண்டோர் பெயர் கூப்பிடக் காத்துக்கொண்டு. நானும் என் சிநேகிதி பாப்பாத்தியும் மட்டும் வெளியே பைப்படியில், தண்ணீர்ப் போத்தல் நிரப்பிக்கொண்டு. இன்னும் விடியவில்லை. அப்போதுதான் அது.

குவாலா சிலாங்கூர்ப் பக்கம், கடல் திசையில். பச்சை வெளிச்சம். வெல்டிங் பட்டறையில் அடிக்குமே, அது மாதிரி, ஆனால் வானம் முழுக்க. பைப்பின் நிழல் சிமெண்டுத் தரையில் கடிகார முள் மாதிரி சுற்றியது. கடைசியில் இரண்டாகப் பிளந்து அணைந்துபோனது. சத்தமே இல்லை. போத்தல் வழிந்து என் கால் முழுக்க ஈரம்.

எரிநட்சத்திரம் பார்த்தால் ஞாபகம் கெட்டுப்போகும், உடனே ஐந்து பூப்பெயர் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடுகளில் பழக்கம் அது. நான் வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டேன். பாப்பாத்தி எதையும் அவசரமாகச் செய்யமாட்டாள். மல்லிகை என்றாள், யோசித்தாள். அரளி என்றாள், யோசித்தாள். மூன்றாவது பூவோடு கொட்டகைக்குள் வந்துவிட்டோம்.

உள்ளே இருந்தவர்களுக்கு வெளிச்சம் தெரிந்ததாம். லோரி திரும்புகிறது என்று நினைத்தார்களாம். அவர்கள் கண்ணில் பட்டது என் சட்டைதான். ஒரே சிரிப்பு. அந்தக் கொட்டகையில் இத்தனை வருசமும் சிரிக்க வைத்தது நான். என்னை வைத்துச் சிரித்தது இன்றுதான். தாங்கவில்லை எனக்கு.

மண்டோர் "பாப்பாத்தி" என்று கூப்பிட்டார்.

"கனகாம்பரம்" என்றாள்.

சிரிப்பு அப்படியே அவள் பக்கம் திரும்பியது. பாவம், விளக்கம் சொன்னாள். வானத்தில் பெரிதாக ஒன்று எரிந்து விழுந்தது, அதற்காகப் பூப்பெயர் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. பிறகு என்னைப் பார்த்தாள். "அஞ்சல, நீயுந்தான பாத்த. சொல்லேன்."

"நான் ஒண்ணும் பாக்கலியே. வெயிலே இன்னும் வரல, அதுக்குள்ளயா ஒனக்குத் தலைக்கு ஏறிடுச்சு?"

கொட்டகையே ஆடியது. அவளும் கொஞ்சம் சிரித்தபடியே நின்றாள். நான் கேலி பண்ணுகிறேன், இதோ அடுத்த வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்து. நான் சொல்லவில்லை. சட்டையை மாற்றிப் போடக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன்.

5.3 செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: கருவாடு, கொசுவத்தி, அவருக்குத் தலைவலித் தைலம்.

செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும்போது நானும் பாப்பாத்தியும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரை. இன்று அவள் நாலு நிரை தள்ளி. சாப்பாட்டு நேரத்தில் யாரோ கேட்டார்கள், பாப்பாத்திக்கு என்ன ஆச்சு என்று. "பூப்பைத்தியம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நல்ல சிரிப்பு கிடைத்தது.

சாயங்காலம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே போகிறார்கள். "மல்லிகை! சாமந்தி!" என்று. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் வீட்டுக்குள் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

6.3 புதன்

வேலை முடிந்து வந்தால் வாசலில் விமலா. பாப்பாத்தி மகள். ரவாங் ஃபேக்டரியில் வேலை, யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை. வருகிற ஞாயிறு அவளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீடு கெர்லிங். மாப்பிள்ளையின் சித்தி எங்கள் கீழ் லயத்தில்தான் இருக்கிறாள். அவள் மூலமாகச் சேதி போய், அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. பெண்ணின் அம்மாவுக்குப் புத்தி சரியில்லையாமே, பரிசத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், யோசித்துச் சொல்கிறோம் என்று.

பூப்பைத்தியம் என்கிற அதே வார்த்தை கெர்லிங்வரை போய் வந்திருக்கிறது. என் வாயிலிருந்து போனது.

உட்கார் என்றேன். உட்காரவில்லை. "அத்த, ஜோக்குக்கு ஒரு லிமிட் இல்லையா? அம்மா பாத்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

பார்த்தாள் என்றேன். நானும் பார்த்தேன் என்றேன். அந்தப் பெண் என்னை ஏசியிருந்தால் தேவலை. "சரி அத்த" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவரிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதுவும் என் கதைகளில் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

7.3 வியாழன்

சாயங்காலம் தூறல். பஸ் ஏறி பத்தாங் பெர்ஜுந்தாய் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். கட்டின புருசனே நம்பவில்லை என்றால் அரசாங்கத்திடம்தான் போகவேண்டும். சேலை நல்லது, பவுடர் போட்டுக்கொண்டு.

மலாய்க்காரக் கார்ப்பரல். சின்ன வயசு. வானத்திலிருந்து நெருப்பு விழுந்தது என்று என் மார்க்கெட் மலாயில் சொன்னேன். குடித்திருக்கிறேனா என்று மூக்கை நீட்டிப் பார்த்தார். பிறகு என்றைக்கு என்று கேட்டார். திங்கள் காலை என்றதும் முகம் மாறிவிட்டது. சுங்கை புரோங் நெல்வயல்காரர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம், விமானம் கடலில் விழுந்துவிட்டது என்று. படகு போய்த் தேடியிருக்கிறது. ஒன்றும் இல்லையாம். வானத்துக் கல்லாகத்தான் இருக்கும் என்றார்.

எந்த நிறம், எந்தத் திசை, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் மக்சிக் என்றார், அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி.

"சாயா கெத்தாவா" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதை மட்டும் அவர் எழுதவில்லை.

8.3 வெள்ளி

பெரட்டில், எல்லார் முன்னாலும் சொன்னேன். பாப்பாத்தி சொன்னது நிஜம், நானும் பார்த்தேன், வேண்டுமென்றுதான் மறைத்தேன், போலீசில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று.

திங்களைவிடப் பெரிய சிரிப்பு. மண்டோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போலீசு வரைக்கும் கொண்டுபோயிட்டா பாரு கதைய. அஞ்சல ஒருத்தி இருந்தா போதும்லா, வேல செஞ்ச அலுப்பே தெரியாது."

நான் அழுதேன். அதற்கும் சிரித்தார்கள். நன்றாக நடிக்கிறேனாம்.

பாப்பாத்தி மட்டும் சிரிக்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகச் செம்பனைக் காட்டுக்குள் போனாள்.

9.3 சனி

கொசுவத்தி வாங்க மறந்துவிட்டேன். தூக்கம் இல்லை. கொசு காரணமில்லை.

10.3 ஞாயிறு

பரிசம் நடந்திருக்க வேண்டிய நாள். அவரைக் கெஞ்சி மோட்டார் சைக்கிளில் கெர்லிங் போனேன். நடிக்கிறவள் இத்தனை தூரம் வெயிலில் வரமாட்டாள் என்று வழியில்தான் அவருக்கு உறைத்தது.

மாப்பிள்ளையின் அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள். மரியாதையான மனுசி. எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வெளையாட்டுக்காரின்னு சொல்லியிருக்காங்க அக்கா. சிநேகிதிய விட்டுக்கொடுக்க மனசு வரல ஒங்களுக்கு. நல்ல குணந்தான்."

விட்டுக்கொடுத்ததே நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லியும் ஆயிற்று. நம்பவேண்டுமே.

எழுந்துவிட்டேன். அந்த மனுசர், மாப்பிள்ளையின் அப்பா, அதுவரை மூலையில் உட்கார்ந்து காலணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் மரம் சீவுகிறவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிற ஆள். தலையைத் தூக்காமல் கேட்டார்: "நெழலப் பாத்தீங்களா?"

"பைப்பு நெழலு தரையில சுத்துச்சுண்ணே. வெளிச்சம் வலப்பக்கமிருந்து எடப்பக்கம் போச்சு. நெழலு அதுக்கு நேர் எதிரா."

ஒட்டை அழுத்திப் பிடித்தார். "எனக்குக் காட்டுல அத்தன மரத்து நெழலும் ஒண்ணாச் சுத்துச்சு. வீட்ல சொன்னா, நேத்துப் போட்ட கள்ளு இன்னும் எறங்கலியான்னு கேப்பா. அஞ்சு பூ சொல்லிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டேன்."

அந்த அம்மாள் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த ஆறிப்போன தேத்தண்ணீரை வாங்கிப் போய்ச் சூடாக வேறு கொண்டுவந்தாள். பரிசம் அடுத்த ஞாயிறு.

சந்தோசம்தான். ஆனால் நம்பியது அவரை. என்னை அல்ல. அதுவும் நியாயம்.

11.3 திங்கள்

பைப்படியில் பாப்பாத்தியிடம் சொன்னேன். கெர்லிங்கிலிருந்து நேற்றே ஆள் வந்து சொல்லிவிட்டார்களாம். மன்னிச்சுக்க என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து பழக்கமில்லை, பாதியில் இருமல் வந்துவிட்டது.

அவள் போத்தலை நிரப்பி மூடினாள். "நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன்டி, நீ சொல்லுவேன்னு."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

12.3 செவ்வாய்

ராத்திரி மழை. காலையில் வானம் துடைத்த மாதிரி. சட்டையை இரண்டு தடவை பார்த்துத்தான் போட்டேன். பெரட்டுக்குப் போகும்போது கடல் பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கொட்டகைக்கு முன்னால் இருக்கிற கால்வாயில் விழுந்தேன். இடுப்புவரை சேறு. மண்டோர் டார்ச் அடித்து, எப்படி விழுந்தாள், யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். பாப்பாத்தி எனக்குப் பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் பாக்கலியே" என்றாள். வலதுகால் செருப்பு கிடைக்கவில்லை.