சோம்பேறிப் பெட்டியில் இரண்டு நாள்

மார்ச் 4
நூற்றுக்கு நாற்பத்தொன்று! மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன். ஒரு குழந்தையின் ரத்த ஸ்டெம் செல்கள். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்தத்தான் ஒன்றரை வருடமாக மல்லுக்கட்டுகிறேன். நூறு செல்லில் நாலு தேறினாலே பெரிய விஷயம். இந்த முறை செல்களை வளர்க்கும் நல்ல இன்குபேட்டரில் இடமில்லை என்று, மூலையில் கிடக்கும் பழசில் இரண்டு நாள் வைத்தேன். 'சோம்பேறி' என்போம் அதை — வெளியே 37 டிகிரி காட்டும், உள்ளே 32தான். அந்தக் குளிர்தான் காரணமா?

மைக்ரோஸ்கோப் படங்களை அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசைக்காரி, ஆனாலும் அக்காதான். "அடிப்பாவி, சாதிச்சிட்டியே!" என்று கட்டிக்கொண்டாள். சோம்பேறி விஷயத்தைச் சொல்லவில்லை. இன்னொரு தடவை செய்து உறுதியானதும் சொல்லலாம்.

மார்ச் 9
என் படம். என் நாற்பத்தொன்று. ஓரத்தில் இருந்த காற்றுக்குமிழிகூட என்னுடையது. லேப் மீட்டிங்கில் அக்கா அதைத் திரையில் போட்டுவிட்டு, "சின்னதா ஒரு ஐடியா தோணுச்சு சார், பண்ணிப் பார்த்தேன்" என்கிறாள். பேராசிரியர் கைதட்டினார். நானும் தட்டினேன்! என் புத்தி எங்கே போச்சு?

மார்ச் 10
கேட்டேவிட்டேன். "ஒரே லேப்தானேடி, யார் சொன்னா என்ன? உனக்குப் பேச வராது, நான் பேசினேன்." மதியம் வழக்கம்போல சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துகிறாள். எப்படி மனசு வருது இவளுக்கு? நான் கை வைக்கவில்லை.

மார்ச் 18
மிச்சமிருந்த மூன்று குப்பி செல்களும் இப்போது அக்காவின் பொறுப்பில். மறுபடி செய்தாள். மூன்று.

மார்ச் 27
நாலு. இரண்டு குப்பி தீர்ந்தது. உறைபெட்டியில் மிச்சம் ஒன்றே ஒன்று. அந்தக் குழந்தை போன வருடமே போய்விட்டது, மறுபடி கேட்டு வாங்க ஆளில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதுவும் பாழ். பாழாகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நானா?

மார்ச் 30
மீட்டிங்கில் ஒரே கேள்வி கேட்டேன். "அக்கா, முதல் தடவை எந்த இன்குபேட்டர்ல வெச்சீங்க?"

"இதென்ன கேள்வி? நல்லதுலதான்."

பெட்டிக்குள் எது வைத்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். பேராசிரியர் அதை எடுத்துப் புரட்டினார். அந்தத் தேதிகளில் சோம்பேறிக்கு நேரே என் கையெழுத்து மட்டும். நல்லதுக்கு நேரே அவள் கையெழுத்தே இல்லை. சாயங்காலம் கடைசிக் குப்பி என் பெயருக்கு மாறியது.

ஏப்ரல் 9
மறுபடி சோம்பேறியில்தான் வைத்தேன். நாற்பத்துமூன்று.

மதியம் அக்கா மூடிய டப்பாவோடு எதிரே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "நான் பண்ணினது தப்புதான். ஆனா ரெண்டு குப்பி வீணாப்போறதை பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு குப்பியும் அவளுடையது இல்லையே. அந்தக் குழந்தையுடையது.