கம்பி சுற்றிய ஃபியூஸ்

இன்று காலை ஊதுபத்தியும் கையுமாக, கார் டிக்கியில் வைக்கும் பாட்டுப் பெட்டி ஒன்றின் முன் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தெரியாத வேலையா? பன்னிரண்டு அங்குல ஊஃபர் ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்தி, பாட்டை ஓடவிட்டு, பலகைகள் சேரும் மூட்டு ஒவ்வொன்றின் ஓரமாகவும் ஊதுபத்தியைக் கொண்டுபோக வேண்டும். காற்று கசியும் இடத்தில் புகை ஆடும், கசியாத இடத்தில் நேராக மேலே போகும். நான்கு மூட்டு பார்த்தாயிற்று, நேராகத்தான் போனது. ஐந்தாவதில் புகை நடுங்கியது. விரலால் தடவிப் பார்த்தேன், பசை நன்றாகப் பிடித்திருந்தது. நடுங்கியது என் கை. கெங்கவல்லிக்காரரின் வெள்ளைக் கார் கடை வாசலில் வந்து நிற்பதைக் கண் பார்த்துவிட்டது, புத்திக்கு எட்டுமுன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை ஊருக்கெல்லாம் சொன்னவனே நீதான். "பூனை குறுக்க போனா இவன் பூனைக்கு வழிவுட்டு, அது திரும்பி வாரவரைக்கும் நிப்பான்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, மாப்ள. கேலி செய்ய ஆளில்லாமல் பயம் இன்னும் கொழுத்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் அதே கார் அதே இடத்தில் நின்றது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் நம் கடை. வெண்ணந்தூரிலிருந்து வந்த நான் மரவேலை, நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்த நீ மின்வேலை. டிக்கியின் வளைவுக்கு அட்டையை வெட்டி அளவெடுப்பது, பலகை அறுப்பது, மூலைகளில் சிலிகான் பூசுவது, வெளியே கார்ப்பெட் ஒட்டுவது எல்லாம் என் பாடு. முன்னால் பேட்டரியிலிருந்து பின்னால் ஆம்ப்ளிஃபையர் வரை தடித்த வயரை இழுத்துக்கொண்டு போவது உன் பாடு. அந்தக் காருக்குக் கட்டியது நான் கட்டியதிலேயே நல்ல பெட்டி என்று இன்றைக்கும் சொல்வேன். சக்கர வளைவோடு ஒட்டி நின்றது, இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையாது. மலைப்பாதையில் திரும்பும்போது நகரக் கூடாதென்று எல் வடிவ இரும்புப் பட்டைகள் வைத்து, பின் சீட்டுக்கு அடியில் தரையோடு சேர்த்துத் திருகாணி முடுக்கினேன். அந்தத் திருகாணிதான் பிறகு வினையாயிற்று.

அன்று வெள்ளிக்கிழமை. கார்க்காரருக்கு முப்பது வயது இருக்கும். அவர் தங்கைக்கு முதல் நாள்தான் சேலத்தில் வளைகாப்பு நடந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்கு, கெங்கவல்லிக்கு, அழைத்துப்போக வேண்டும். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும் என்றார். ஒன்பதரைக்கு நீ கடைசி இணைப்பைக் கொடுத்துப் பாட்டைப் போட்டாய். முதல் அடி விழுந்தது, கண்ணாடிகள் அதிர்ந்தன, எனக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தத்தை ஏற்றினாய். சட்டென்று எல்லாம் அடங்கிப் போயிற்று. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் போய்விட்டது.

கடையில் வேறு ஃபியூஸ் இல்லை. வேறு யாராக இருந்தாலும் புதுசு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நீ போன ஃபியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஃபியூஸ் போறது பழுதில்ல மாப்ள, சேதி. எங்கயோ வயரைக் கடிக்குது. புதுசு வாங்கிட்டு வந்து, கார்ப்பெட்டத் தூக்கி முழுக்கப் பாக்கோணும். நான் வாரவரைக்கும் சாவியக் குடுத்துறாத" என்றாய். பத்தரை ஆனாலும் சரி, பன்னிரண்டு ஆனாலும் சரி என்று கார்க்காரரிடமும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாய்.

நீ போனதும் அவருக்குப் போன் மேல் போன். அம்மா, அப்பா, தங்கையின் மாமியார். பத்து அடிக்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வயித்துப் பிள்ளக்காரிய ராகு காலத்துல வாசப்படி எறக்குனேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரும்ணே" என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் அசைந்திருக்க மாட்டேன். எனக்கு ராகு காலம் என்றால் எப்படி என்று உனக்கே தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகி, அது என்னால் என்று ஆகிவிட்டால் என்கிற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் அதைச் செய்தேன்.

நாமக்கல் ஷெட்டுகளில் பார்த்திருக்கிறேனே. லாரியில் ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியிலிருந்து இழை உரித்து, போன ஃபியூஸின் மேல் சுற்றி, வண்டியை அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிப்போவார்கள். நீயே செய்து பார்த்திருக்கிறேன். ஃபியூஸ் இல்லாவிட்டால் பாட்டுதான் வராது, கார் ஓடும், அப்படியே அனுப்பிவிடலாம் என்பது அந்தப் பதற்றத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சம் கிடந்த வயர்த் துண்டை உரித்தேன். ஒரு இழை போதுமா போதாதா தெரியவில்லை, அறுந்துவிட்டால் வம்பு என்று ஒரு கொத்தாகவே எடுத்துச் சுற்றி, ஹோல்டரில் திருப்பி முடுக்கினேன். பாட்டு வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பத்தேகாலுக்கு அனுப்பிவிட்டேன். நல்ல நேரத்தில் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக ஒரு டீ கூடக் குடித்தேன்.

பத்தரைக்கெல்லாம் நீ புது ஃபியூஸோடு வந்தாய்.

"கார் எங்க?"

"போயிருச்சு."

"ஃபியூஸ் இல்லாமலேயாடா குடுத்துவுட்ட?"

சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாக, "எத்தன இழை சுத்துன?" என்று கேட்டாய். எண்ணவில்லை என்றேன். உன் முகத்தில் ரத்தம் இறங்கிப் போனதை அன்றுதான் பார்த்தேன். யாருக்கும் பயப்படாத நீ பயந்ததைப் பார்த்த பிறகுதான், நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. 

வண்டியை நீ ஓட்டினாய், பின்னால் உட்கார்ந்து நான் போன் போட்டுக்கொண்டே வந்தேன். ஆத்தூர் ரோட்டைத் தவிர அவருக்கு வேறு வழி கிடையாது. போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போதும் அடித்தது, எடுக்கவில்லை. நாம் கட்டிய பெட்டி உள்ளே அடித்துக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்தில் போன் எப்படிக் கேட்கும்? நீ காற்றில் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தாய். "லாரிக்காரன் கம்பியச் சுத்துனா ஒரு கண்ணு அது மேலயே வெச்சு ஓட்டுவான் மாப்ள. கார்க்காரன் பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போவான்." ரோட்டோரம் நின்ற ஒவ்வொரு வெள்ளைக் காரிலும் எனக்குப் புகை தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நான் அன்று பட்டப்பகலில் கண்டேன். தெரிந்த சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வாழப்பாடிக்கு முன்னால், இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் அந்தக் கார் நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது. கை நிறைய வளையல்களோடு அந்தப் பெண் வேப்பமர நிழலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் அவள் அம்மா. பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் குமட்டுகிறது என்று அவள் சொன்னதால்தான் நிறுத்தினார்களாம். அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். ஊற்றாதீங்க என்று நீ ஓடினாய். ஸ்பானர் எடுக்கக்கூட நேரமில்லை என்று வெறுங்கையால் அந்த வயரைப் பிடித்து பேட்டரியிலிருந்து பிடுங்கினாய். உருகிய உறை உன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

நீ பின் சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை உரித்தாய். வயர் போன வழி முழுக்கக் கருகியிருந்தது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் நடுவில் என் திருகாணி. வயரை அதுதான் கடித்திருந்தது. நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

அண்ணன்காரர் ஹோல்டரிலிருந்த ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கம்பி சுற்றியிருப்பது குருடனுக்கும் தெரியும். யார் இதைச் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நாந்தானுங்க" என்றாய் நீ. "தப்பு என்னோடதுங்க."

அவர் உன்னை அறைந்தார். இளநீர் வெட்டுகிறவர் அரிவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீ கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அவர் வீசியெறிந்த ஃபியூஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். எரிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வாழப்பாடியில் ஒரு கார் பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாய்.

திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எம்பேரு கெட்டா எனக்கு லாரி இருக்குது. உனக்குப் பெட்டியை வுட்டா என்ன தெரியும்?" என்றாய். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த ஃபியூஸை எடுத்து என் கையில் வைத்தாய். திட்டவில்லை. வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாய்.

உன் பெயர் கெட்டது. கார்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், உன்னை வைத்து வயரிங் செய்ய யாரும் வரவில்லை. ஆறு மாதத்தில் நீ நாமக்கல் ஷெட்டுக்கே போய்விட்டாய். நான் இங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறை உன்னைப் பார்க்க வந்தபோதும் சொன்னேன், நீ சிரித்தாய், நான் சொல்லாமல் திரும்பினேன். உன் நெஞ்சு ஷெட்டிலேயே நின்றுபோன அன்று ஓடி வந்தேன். உன் வீட்டில், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்சாதி, அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்து ஒன்று கேட்டது. "ஏனுங்கண்ணா, அவரு அப்பிடி அசால்ட்டா வேல செய்யற ஆளுங்களா?" நான் தரையைப் பார்த்தேன். உன்னைக் கிடத்தியிருந்த வீட்டில், உன் பெண்சாதி கேட்ட கேள்விக்கு, தரையைப் பார்த்தேன் மாப்ள.

இன்று காலை கார்க்காரர் இறங்கி வந்தார். பின் சீட்டில் ஒரு சின்னப் பெண். தங்கையின் மகள், மாமாவோடு ஏற்காடு பார்க்கக் கிளம்பியிருக்கிறாள். ஐந்து வயது, முன் பல் இரண்டும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். அந்தக் கார்ப்பெட்டில் ஓட்டை இருந்த அதே இடம். வேறு பெட்டி ஒன்று கட்ட வேண்டும் என்று அவர் பேசிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தி, "அந்த வயரிங் ஆளு இப்ப இங்க இல்லல்ல?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. ஊதுபத்தி என் விரலைச் சுட்டது, அதுவரை எரிந்திருக்கிறது. கீழே போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அன்னிக்குக் கம்பி சுத்துனது நானுங்க. வயரைக் கடிச்சதும் என்னோட திருகாணிதானுங்க. அவன் டவுனுக்குப் போயிருந்தான். காரைக் குடுக்காதேன்னுதான் சொல்லிட்டுப் போனான்."

அறைவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவர் காருக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். நீ இல்லை என்று சொன்னேன். பெட்டி வேலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லணும். வர்ற வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள போயிரலாம்" என்றார்.

"பத்தரைக்கு மேலயே போலாமுங்க" என்றேன். ராகு காலத்தில் ஒரு காரியத்துக்கு நானாகப் புறப்படுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.  தங்கச்சி கதவைத் திறக்காமல் போகலாம். எட்டு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கலாம். இந்த ஆறு வருடமாக எந்தச் சட்டை போட்டாலும் அந்த ஃபியூஸை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். சுற்றியிருக்கும் கம்பி கருத்துப்போய்விட்டது. ஒருநாள் உட்கார்ந்து இழைகளை எண்ணினேன். பதினேழு.

அதைத் தங்கச்சி கையில் வைத்து, சுற்றியது நான்தானம்மா என்று சொல்வேன். இந்த முறை தரையைப் பார்க்க மாட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள் மாப்ள.