விட்டுப்போன சவரக்கத்தி

தாடையில் ஒரு கீறலுக்கே ஊரைக் கூட்டியவருக்கு,

விட்டுப்போன சவரக்கத்தியை அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அங்கே உங்கள் முகத்தை மெச்ச ஆள் இருக்கும்போது அவர் நினைவு எப்படி வரும்!

அந்தக் கத்தியால் மாமாவுக்குச் சவரம் செய்ய நானே பழகிவிட்டேன். தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும். நீங்கள் கூர்ப்பக்கத்தை முன்னே தள்ளி வாரையே அறுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு, மழுங்கின கத்தியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரோடு என்ன சண்டை! நுரை தடவிய பலூனில்தான் நான் முதலில் பழகினேன். வெடித்தபோதெல்லாம் மாமா சிரித்தார். நான் பலூனைத் திட்டவில்லை.

இன்று காலை முதல்முறையாக மாமாவின் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, ஒரு கீறல் இல்லாமல் தாடி மீசை முழுவதையும் எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியே அவன் மூஞ்சி! இனிமே தாடி இருந்துட்டுப் போகட்டும்மா."

ஆகவே கத்தியை அனுப்புகிறேன், நீங்கள் அறுத்த வாரோடு. இங்கே இனி அதற்கு வேலையில்லை.

இப்படிக்கு,
உங்கள் அப்பாவின் மருமகள்