இளையவர் முதலில்

டோர்ட்மண்ட், 1977

பெப்ரவரி 10, வியாழன்

ஈரப்பனி. சப்பாத்து நனைந்துவிட்டது. உருக்காலை ஆய்வுகூடத்தில் லீவு சொல்லிவிட்டு நீதிமன்றம், முதல் தடவை. ஜெர்மன் குடியுரிமை கிடைத்த கையோடு நகரசபைப் பட்டியலில் யாரோ என் பெயரைப் போட, குழு கூடி வாக்களித்து, நான்கு ஆண்டுக்கு நான் ஷோஃபெ. அதாவது சட்டம் படிக்காத நீதிபதி. படித்த நீதவான் நடுவில், நாங்கள் இருவர் இரு பக்கமும். ஆளுக்கொரு வாக்கு. அங்கி அவருக்கு மட்டும். எனக்குக் கலியாணக் கோட், வயிற்றில் இறுக்கம்.

மற்ற ஷோஃபெ ஹெர் க்லாஸன். பேக்கரி நடத்தி ஓய்ந்தவர். என்னைவிட நன்றாக மூத்தவர், மரியாதையான மனிதர்.

வழக்கு: ரேடியோக் கடை உடைப்பு. விசாரணை முடிந்து அறைக்குள் போனதும் நீதவான் என்னிடம், "உங்கள் முடிவு?"

நான்: "நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ, அதுதான் எனக்கும்."

ஆய்வுகூடப் பழக்கம், அதற்கு முன் வீட்டுப் பழக்கம். பெரியவர் இருக்க நான் முதலில் வாய் திறந்ததில்லை. நீதவான் பேனாவை மூடினார். "இங்கே வயதில் இளையவர் முதலில் சொல்லவேண்டும். நான் கடைசி. யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம்."

காது சுட்டது. க்லாஸன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனிதர்.

வீட்டில் சரோ, கோட்டைக் கழற்றமுன்பே: "என்னங்கோ, தீர்ப்புச் சொல்லிட்டியளோ?"

"ஓம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"சொல்ல ஏலாது. சத்தியம் செய்திருக்கிறன்."

அறைக்குள் பேசியதைச் சாகும்வரை வெளியே விடக்கூடாது. இதை எழுதுவதும் பிழைதான். தமிழில் எழுதினால் பாதிப் பிழை என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3, வியாழன்

தூறல். குடை டிராமில் போய்விட்டது.

புது வழக்கு. மெஹ்மெத், துருக்கிக்காரர், கட்டட வேலை. ஃபோர்மனை இரும்புக் குழாயால் அடித்தாராம். ஃபோர்மனுக்குக் கன்ன எலும்பு முறிவு. மெஹ்மெத் மொழிபெயர்ப்பாளர் வழியாக: "பலகை ஈரம். அவர் வழுக்கி விழுந்தார். நான் தூக்கப் போனேன்." பார்த்த சாட்சி ஒருவர்தான், ஃபோர்மனின் மைத்துனர். வைத்தியர்: அடியாகவும் இருக்கலாம், விழுந்ததாகவும் இருக்கலாம். முதல் நாள் இருவருக்கும் வாய்த்தர்க்கம் நடந்தது உண்மை.

தண்டனை விழுந்தால் சிறை மட்டுமில்லை, விசாவும் போகும். பின் வரிசையில் மனைவி, மடியில் குழந்தை.

மெஹ்மெத் நாள் முழுக்க என்னையே பார்த்தார். மண்டபத்தில் வேறு கறுத்த முகம் இல்லை. நான் மேசை விளிம்பைப் பார்த்தேன்.

வாங்க: குடை, மிளகாய்த்தூள் (சிவம் அண்ணையிடம்).

மார்ச் 6, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். சரோ தோசை வார்த்தாள், கோதுமை மாவில். பரவாயில்லை.

பீலெஃபெல்டிலிருந்து சிவம் அண்ணை போன். "என்ன நீதவான் ஐயா, உங்கட வழக்குப் பேப்பரில வந்திருக்கு! பாத்துச் செய் தம்பி. அவனும் எங்களைப் போல வந்த ஆள்தானே."

"அண்ணை, அதைப் பற்றிக் கதைக்க ஏலாது."

"கதைக்க வேண்டாம். செய்."

எரிச்சல். விடுதலை என்று சொன்னால் வெளிநாட்டான் வெளிநாட்டானுக்குக் கைகொடுத்தான் என்பார்கள். குற்றவாளி என்று சொன்னால், அந்தப் பேச்சுக்குப் பயந்து சொன்னேனா என்று எனக்கே தெரியாது. மெஹ்மெத்தை வேறு யாராகவோ, முல்லர் என்ற ஒரு ஜெர்மன்காரராக, நினைத்துப் பார்த்தேன். அப்போதும் மைத்துனரை நம்ப முடியவில்லை. ஃபோர்மன் சொன்னதையே, அதே ஒழுங்கில், பாடமாக்கியதுபோல ஒப்பித்தார்.

மிளகாய்த்தூள் கேட்க மறந்துபோனேன்.

மார்ச் 10, வியாழன்

காற்று. புதுக்குடை மடங்கிவிட்டது.

மதியம் அறைக்குள் மூவரும். இந்த முறை நீதவான் கேட்கக் காத்திருக்கவில்லை. சொன்னேன்: வைத்தியரே இரண்டு பக்கமும் சொல்கிறார். சாட்சி பாடமாக்கியவர். அடித்திருக்கலாம், ஆனால் எனக்கு நிச்சயமில்லை. ஆகவே விடுதலை. உள்ளுக்குள் பெருமை என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு க்லாஸன். மூவரில் இருவர் குற்றவாளி என்றால்தான் தண்டனை. நீதவானின் முகத்தில் தண்டனை எழுதி ஒட்டியிருந்தது. ஆகவே எல்லாம் க்லாஸன் கையில்.

க்லாஸன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நான் குற்றவாளி என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் இந்த ஆட்களை நமக்கு என்ன தெரியும்? இவருக்குத்தான் தெரியும். தங்கள் ஆளைப் பற்றி இவரே சொல்லும்போது நான் யார்? விடுதலை."

மிக மரியாதையாகச் சொன்னார். என் பக்கம் தலையும் சாய்த்தார்.

துருக்கியில் நான் கால் வைத்ததில்லை. மெஹ்மெத்தோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் சொன்ன காரணம் ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை. "என் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஹெர் க்லாஸன்" என்று சொல்லியிருக்கவேண்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அவர் வாக்கை மாற்றிக்கொள்ளக்கூடும்.

நீதவான் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போலிருந்தது. பிறகு தன் வாக்கைச் சொன்னார். தண்டனை. தோற்ற வாக்கு.

நான் வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்தில் தீர்ப்பு வாசித்ததும் மெஹ்மெத்தின் மனைவி அழுதார். மெஹ்மெத் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். வெட்கமாக இருந்தது.

மார்ச் 11, வெள்ளி

மழை இல்லை. ஆய்வுகூடத்தில் உலை மாதிரிகள் குவிந்து கிடக்கின்றன.

இரவுச் சாப்பாட்டில் சரோ: "அந்தாளை விட்டிட்டினமாம். நல்லது தானே. பிறகேன் உங்கட முகம் இப்பிடி இருக்கு?"

"கோட் இறுக்கம்."

"இண்டைக்கு நீங்கள் கோட்டே போடேல்லை."

அடுத்த அமர்வுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஏப்ரலில். அதே க்லாஸன். மறுபடியும் நான்தான் முதலில்.